பேகத்துக்கு நாலரைக் கிலோ

பிப்ரவரி 14, சனி

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எதற்கு நோட்டும் பேனாவும், வீட்டில் இருக்கிற வேலை போதாதா.

எங்கள் குதிரையின் பெயர் பேகம். வெள்ளை, பெட்டை, பதினாலு வயது. கம்பம் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் இவள்தான் போவாள். பட்டாசு வெடித்தாலும் அசையமாட்டாள், பாண்டு வாசித்தாலும் மிரளமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு மாதமாக முன்னங்காலைத் தரையில் ஊன்றத் தயங்குகிறாள். லாடம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் தமயந்தி வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார், பிடரியை அமுக்கினார், விலாவில் கையை ஓட்டினார்.

"விலா எலும்பு எங்கம்மா இருக்கு? தேட வேண்டியிருக்கே" என்றார்.

பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "பாய், இது வியாதி இல்ல, சோறு. தின்னு தின்னு கொழுத்து, அது குளம்புல போய் வீக்கமா நிக்குது. இன்னும் எடை ஏறுச்சுன்னா உள்ள இருக்கற எலும்பு கீழ இறங்கி குளம்பைத் துளைச்சிரும். அப்புறம் நான் ஊசி போட்டு அனுப்ப வேண்டியதுதான்" என்றார்.

"எங்கம்மா அனுப்புவீங்க?" என்று கேட்டார் இவர். கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. பேகத்தின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இனிமேல் காய்ந்த புல் மட்டும்தான். ஒரு நாளைக்கு நாலரைக் கிலோ, நாலு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். போடுமுன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், புல்லில் இருக்கிற சர்க்கரை அதோடு போய்விடுமாம். கொள்ளு, தவிடு, வெல்லம், பழம் எதுவும் கூடாது. வாயில் போவது ஒன்று விடாமல் நோட்டில் ஏற வேண்டும். இவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், எழுத வராது. ஆகையால் எழுத்து என் தலையில்.

நெஞ்சைச் சுற்றி டேப்பு வைத்து அளந்தோம். அறுபத்தொன்பது இஞ்சு.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாலரைக் கிலோ. நாலு வேளை.

காய்கறி மார்க்கெட்டிலிருந்து முட்டைக்கோஸ் வலைப்பை வாங்கிவந்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைப் போட்டு அதில் புல்லைத் திணித்துக் கட்டித் தொங்கவிட்டார் இவர். கண்ணி சின்னதாக இருந்தால் ஒவ்வொரு இழையாகத்தான் உருவ முடியும், நேரம் போகும், பசி தெரியாது என்று டாக்டரம்மா சொன்ன யோசனை. பேகம் வலையை மூக்கால் ஒரு தள்ளு தள்ளினாள். என்னைப் பார்த்தாள். புகுந்த வீட்டில் முதல் நாளே பழைய சோறு போட்டதுபோல ஒரு பார்வை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாலரைக் கிலோ.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா காய்கறி வண்டி வைத்திருக்கிறாள். தினமும் மிச்ச காரட்டும் பீட்ரூட்டும் கொண்டுவந்து பேகத்துக்குக் கொடுப்பது அவள் வழக்கம். இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

"அட என்னக்கா, ஒரு காரட்டுலயா கொழுத்துட்டா?" என்றாள்.

"உன் காரட்டு, பள்ளிவாசல் தெருப் பிள்ளைக பிஸ்கட்டு, இவர் பேரீச்சம்பழம், எல்லாம் சேந்துதான்டி" என்றேன். பேச்சி புரிந்துகொண்டாள், நல்லவள்.

பேகம் மத்தியானத்தில் தண்ணி வாளியை உதைக்கிறாள். டங்கு டங்கென்று சத்தம் அடுப்படிவரைக்கும் கேட்கிறது. எனக்கு ஒரு சுபாவம், பசியோடு ஒரு உயிர் வாசலில் நின்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிறகு பத்து வருஷம், பிள்ளை இல்லை என்று ஆனபிறகும் மாமியார் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. "ஜொஹரா கையால ஆக்குன கறி இல்லாம எம்மகன் இருக்க மாட்டான்" என்பார் வருகிறவர்களிடமெல்லாம். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் வெறுங்கையோடு போனவள் இல்லை. இதை எதற்கு நோட்டில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பிறை தெரிந்துவிட்டது. நாளைக்கு நோன்பு ஒன்று. மாவாட்டினேன், சாமான் வாங்கினேன், வீடு கழுவினேன். புல் நாலரைக் கிலோ.

பிப்ரவரி 22, ஞாயிறு. நோன்பு 4

நாலரைக் கிலோ. மத்தியானம் ஒன்றும் இல்லை.

பள்ளிவாசலில் கஞ்சி இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. இவர் தூக்குவாளி நிறைய வாங்கிவருகிறார். இருக்கிறது இரண்டு பேர், எவ்வளவு குடிப்போம். மறுநாள்வரை மிஞ்சுகிறது. பரக்கத்தான கஞ்சி, அல்லாவின் அருள் இறங்கியது, அதைச் சாக்கடையில் கொட்டினால் பாவம். அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டேன்.

பேகம் இப்போது வாளியை உதைப்பதில்லை. மத்தியானம் ளுஹர் தொழுகை முடிந்து நான் வருகிற நேரம் அவளுக்குத் தெரிகிறது. காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாள், கழுதை.

பிப்ரவரி 28, சனி. நோன்பு 10

அளந்தோம். அறுபத்தொன்பதரை.

அரை இஞ்சு கூடியிருக்கிறது. டேப்பைத் தவறாகப் பிடித்திருப்பீர்கள் என்றேன் இவரிடம். மறுபடி அளந்தார், அதேதான். போனில் டாக்டரம்மா சத்தம் போட்டார். "நாலரைக் கிலோ புல்லுல எந்தக் குதிரையும் ஏறாது பாய். உங்க வீட்ல யாரோ குடுக்கறாங்க."

இவர் நேராகப் பேச்சி வீட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பேச்சி, உண்மையச் சொல்லு. நான் கோவப்பட மாட்டேன்."

"எம்புள்ள மேல சத்தியமா நான் குடுக்கல பாய். அக்கா சொன்ன நாள்ல இருந்து ஒரு இலை குடுக்கல."

"அப்ப அது காத்தைக் குடிச்சா கொழுக்குது?"

பேச்சி அழுதுவிட்டாள். வேலிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். இவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு இன்றைக்கு நோன்பு திறந்ததிலிருந்து தலைவலி, சீக்கிரம் படுக்கப்போகிறேன்.

மார்ச் 1, ஞாயிறு. நோன்பு 11

புல் நாலரைக் கிலோ. வடை சுட்டு ஒரு தட்டில் பேச்சிக்கு அனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

மார்ச் 3, செவ்வாய். நோன்பு 13

பேகம் பின்னங்கால்மேல் பாரத்தைப் போட்டு, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆணியில் நிற்பவள் மாதிரி. டாக்டரம்மா வந்து ஊசி போட்டுவிட்டு, நோட்டை வாங்கிப் புரட்டினார். அளவு போட்ட வரிகளை மட்டும் பார்த்தார், மற்றதைப் படிக்கவில்லை.

"இதுதான் கடைசி. அடுத்த தடவை இப்படிப் பார்த்தா நான் மருந்து கொண்டு வரமாட்டேன், வேற ஊசிதான் கொண்டு வருவேன். புரியுதா?" என்று இவரிடம் சொன்னார். இவர் தலையாட்டினார். இவரை யாரும் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து, பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். இன்றோடு விட்டேன். எதை விட்டேன் என்று அல்லாவுக்குத் தெரியும், அது போதும்.

இவரும் இன்றைக்கு ஒரு முடிவெடுத்தார்போல. "இனி புல் போடறது முழுக்க நான் பாத்துக்கறேன். நோன்பை வச்சுக்கிட்டு நீ தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் அலையாத" என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தொழுவத்துப் பக்கம் போனால் என் கை என் பேச்சைக் கேட்காது.

மார்ச் 4, புதன். நோன்பு 14

புல் எவ்வளவு என்று இவரைக் கேட்டேன். சரியாகத்தான் போடுகிறேன் என்றார்.

மத்தியானம் வாளியை உதைத்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி. நோன்பு 16

இன்றும் உதைத்தாள், ஆனால் நேற்றளவு இல்லை. ஜுமுஆ தொழுகைக்குப் போன இவர் வருவதற்குள் நான் இரண்டு தடவை தொழுவத்துக் கதவுவரை போய்த் திரும்பினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்தது.

மார்ச் 7, சனி. நோன்பு 17

பேகம் உதைக்கவே இல்லை. பழகிவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு. நோன்பு 18

பழகவில்லை.

காலையில் இவர் என்னை வந்து எழுப்பிய முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பேகம் சுவரோரம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள். ஊறவைத்த புல் வலையில் அப்படியே இருக்கிறது. மோந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள்தான் நான் பார்க்காதது, அதற்குள் கண் குழிந்துவிட்டது.

டாக்டர் தமயந்தி வந்து ரத்தம் எடுத்தார். கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். மேலே பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக நின்றது.

"இது கொழுப்பு. குண்டுக் குதிரை திடீர்னு பட்டினி கிடந்தா உடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும். ஈரல் நின்னுரும். பட்டினி போட்டது யாரு?"

இவர் சொன்னார்.

"நாந்தான்மா. விடியுமுன்ன சஹர் நேரத்துல ஒரு கிலோ போட்டேன், நோன்பு திறக்கறப்ப ஒரு கிலோ. நடுவுல ஒண்ணும் போடல."

"ஏன் பாய்?"

"நாங்க நோன்பு இருக்கமே, அவளும் எங்களோட இருந்துட்டா எடை குறையும்னு நினைச்சேன். அவளுக்காக நோன்பு உறுதி சொல்லி நானே நிய்யத்தும் வச்சேன்."

டாக்டரம்மா குழாயைக் கீழே வைத்தார். "பாய், நீங்க நோன்பு வைக்கறது உங்களுக்கு மனசு இருக்கறதால. குதிரை வயிறு அப்படி இல்ல. அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மென்னுக்கிட்டே இருக்கணும். மூணு நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காலியா இருக்கவே கூடாது. அதுக்குத்தான் நாலு வேளைன்னேன்" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. "நாலரைக் கிலோல எடை ஏறுது, ரெண்டு கிலோல இப்படி விழுந்துருச்சு. கணக்கு இடிக்குதே. முந்தி வேற ஏதோ தின்னுருக்கு."

இவர் தலையைக் குனிந்து, "என் தப்புதான், எல்லாம் என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் தாடியில் கண்ணீர் இறங்கியது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். தினம் மத்தியானம் அரை வாளி கஞ்சி. அதில் ஒரு கை வெல்லம். சில நாள் வாழைப்பழம், சஹருக்குச் சுட்ட ரொட்டியில் மிஞ்சியது. பதினேழாம் தேதி தொடங்கி, நோன்புக்கு முன்பு சோறும் வடிகஞ்சியும், நோன்பு வந்தபிறகு பள்ளிவாசல் கஞ்சியும். மூன்றாம் தேதி ஒரேயடியாக நிறுத்தினேன். இவர் புல்லைக் குறைத்ததும் அதே மூன்றாம் தேதி. அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் அவரிடம் சொல்லவில்லை. நடுவில் வாயில்லாச் சீவன் மாட்டிக்கொண்டது.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். "இனி அவளா வாய் வச்சாத்தான். புதன்கிழமைக்குள்ள தின்னலைன்னா கஷ்டம்" என்றார். எடை குறைய வேண்டும் என்று அழுத வீட்டில் இப்போது ஒரு வாய் தின்ன வேண்டும் என்று அழுகிறோம்.

இவர் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

இந்த நோட்டில் "மத்தியானம் ஒன்றும் இல்லை" என்று எழுதியது பொய். டாக்டரம்மா, நீங்கள் படித்தால் மன்னியுங்கள்.

மார்ச் 9, திங்கள். நோன்பு 19

தின்னவில்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி புல்லோடு போய் நிற்கிறோம். கொஞ்சம் கொள்ளும் தவிடும்கூட இப்போது கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், வாய் வைத்தால் போதுமாம். கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினேன். என் கஞ்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது வேண்டியதுதான்.

சாயங்காலம் பேச்சி வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வெளியிலேயே நின்று சொன்னேன்.

"குடுத்தது நாந்தான் பேச்சி. இவர் உன்னைக் கேட்டப்ப நான் வாசல்லதான் நின்னேன்."

அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "எம்மேல பழி விழுந்தப்ப உனக்கு எப்படிக்கா சோறு இறங்குச்சு?"

"இறங்கலடி."

"வடை மட்டும் சுட்டு அனுப்புன."

"எனக்கு வேற என்ன தெரியும்?" என்றேன். சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய். நோன்பு 20

தின்னவில்லை. இரண்டாவது பாட்டில் குளுக்கோஸ்.

இவர் தொழுவத்திலேயே உட்கார்ந்து ஓதுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓதி முடித்ததும், "ஜொஹரா, நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றார்.

யோசித்துப் பார்த்து, "மாட்டேன்" என்றேன்.

"நானும் உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன். சொன்னா நீ விடமாட்டேன்னு தெரியும்" என்றார். அதற்குப் பிறகு மனசு கொஞ்சம் லேசானது. யா அல்லா, இவளை எடுத்துக்கொள்ளாதே. எனக்கு இவளைப் பிடிக்கும். குண்டச்சி, சோம்பேறி, திமிர் பிடித்தவள் என்று ஆயிரம் திட்டியிருக்கிறேன், எனக்கு இவளை உயிராகப் பிடிக்கும்.

மார்ச் 11, புதன். நோன்பு 21

தின்றாள்.

நடந்தது இதுதான். காலையில் பேச்சி வந்தாள். கோபம் தீர்ந்து வந்தாளா, பார்க்க மனசு தாங்காமல் வந்தாளா தெரியாது. நேரே போய்ப் புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். புல்லைக் கையில் கொடுப்பதா, தரையில் போடுவதா என்று நானும் இவரும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தோம். கையில்தான் என்றேன் நான், தரையில்தான் என்றார் இவர். அந்த நேரம் பேச்சி, "அய்யய்யோ, யாரு சேலையைப் பிடிச்சு இழுக்கறது?" என்று எழுந்தாள். பேகம் அவள் உட்கார்ந்திருந்த புல்லுக்கட்டிலிருந்து நாலு இழையை உருவி மென்றுகொண்டிருந்தாள். ஊறவைக்காத, தூசி படிந்த புல்.

விழுங்கினாள். இன்னும் நாலு இழை உருவினாள். பேச்சி மெதுவாக, "அக்கா, நான் உக்காரட்டுமா, நிக்கட்டுமா?" என்றாள். இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மார்ச் 15, ஞாயிறு. நோன்பு 25

நாலு வேளையும் தின்கிறாள். நாலரைக் கிலோவுக்கு நேற்றுத்தான் வந்தோம், டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றச் சொன்னார். ரத்தம் தெளிந்துவிட்டது. குளம்பில் சூடு குறைந்திருக்கிறது. அளவு அறுபத்தேழரை.

"இதை இப்படியே பிடிச்சுக்கிட்டுப் போங்க. பட்டினியும் வேணாம், விருந்தும் வேணாம்" என்றார் டாக்டரம்மா.

இவர் கொக்கித் தராசை என் கையில் கொடுத்தார். "இனி நீ நிறுத்துப் போடு."

"என்னை நம்பியா?"

"பின்ன யாரை நம்புவேன்?" என்றார்.

நோன்புப் பெருநாள் முடிந்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு நாலு வீட்டிலிருந்து வருவார்கள். இந்த வருஷம் இல்லை என்று இவர் இப்போதே சொல்லிவிட்டார். நடந்தால் போதும் என்றார்.

மார்ச் 18, புதன். நோன்பு 28

காலையில் நிறுத்தபோது தராசில் ஒரு கைப்பிடி கூடியிருந்தது. எடுத்துத் திரும்பப் புல்லுக்கட்டில் வைத்தேன். அதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 21, சனி. பெருநாள்

பிரியாணி ஒரு அண்டா. பேச்சி வீட்டுக்கு, டாக்டரம்மாவுக்கு, தெருவில் பதினோரு வீட்டுக்கு. எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. இவர் தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு உறவுக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

மத்தியானம் பேகம் வாளியை உதைத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண் அண்டாப் பக்கமும் போனது. அடுத்த வேளைப் புல்லுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அண்டாவில் சோறு இருக்கிறது, கூடையில் பழம் இருக்கிறது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒன்றையும் எடுக்காமல் தொழுவத்துக்குப் போனேன்.

காதை நிமிர்த்தினாள். என் வலதுகையை மோந்தாள், இடதுகையை மோந்தாள். முந்தானை மடிப்பில் மூக்கை விட்டுத் தேடினாள். "ஒண்ணுமில்லத்தா. சும்மா உன்னைப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது. இப்போது திரும்பி அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொள்வாள் என்று நினைத்தேன். ஒன்றும் கொண்டுவராத என்னிடம் யாருக்கு என்ன இருக்கிறது.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பேகம் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தலையை இறக்கி என் தோளில் வைத்தாள். கனமான தலை. புல் போடும் நேரம்வரைக்கும் எடுக்கவே இல்லை.